கமெண்ட், உரை, உரைகல்

'கமெண்ட்' என்ற சொல்லை நான் ஒரு நாளைக்கு இருபது தடவையாவது சொல்லுவேன். தொழில் அப்படி. மென்பொருள் நிரலில் கணினிக்கான கட்டளைகளுக்கு நடுவே, பின்னாடி வந்து படிக்கப்போகும் ஆளுக்காக நாங்கள் எழுதி வைக்கும் விளக்கக் குறிப்புக்கு அதுதான் பெயர். ஆபீஸை விட்டு வெளியே வந்தால் அதே சொல்லுக்கு வேறு அர்த்தம். பஸ் ஸ்டாண்டில் ஒருத்தன் "கமெண்ட் அடிக்கிறான்" என்றால் அது வம்பு. டீக்கடை டிவியில் ஓடுவது கிரிக்கெட் 'கமெண்ட்ரி'. இருபது வருஷமாக இந்தச் சொல்லைப் புழங்கியும், இது எங்கிருந்து வந்தது என்று ஒரு நாளும் அகராதியைத் திறந்து பார்த்ததில்லை. பார்க்க வைத்தது என் மகள்.

தாத்தாவின் புத்தகம்

அவள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளியில் திருக்குறள் போட்டி. அவளுக்குக் கொடுத்திருந்த அதிகாரம் மக்கட்பேறு. பத்துக் குறளையும் பொருளோடு சொல்ல வேண்டும். வீட்டில் என் தாத்தா வைத்திருந்த பழைய பரிமேலழகர் உரைப் புத்தகம் ஒன்று இருக்கிறது. "பாட புத்தகத்துல ரெண்டு வரி தான் பொருள் போட்டிருக்கு, இதையும் பார்த்துக்கோ கண்ணு" என்று அதை எடுத்துக் கொடுத்தது நான்தான்.

அரை மணி நேரத்தில் திரும்பி வந்தாள்.

"அப்பா, இதுல அதிகாரத்துப் பேரே வேற போட்டிருக்கு. 'புதல்வரைப் பெறுதல்'னு இருக்கு."

வாங்கிப் பார்த்தேன். ஆமாம். அந்த அதிகாரத்துக்குப் பரிமேலழகர் வைத்துக்கொண்ட பெயர் அது. முன்னோர்களுக்குப் பட்ட கடனை ஆண்மகனைப் பெற்றுத்தான் தீர்க்க வேண்டும் என்ற வடநூல் வழக்கை அதிகாரத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். அடுத்து 61-ஆம் குறள். அங்கே 'அறிவறிந்த' என்று ஓர் அடைமொழி வருகிறது. அந்த அடைமொழி இருப்பதால் 'மக்கள்' என்ற சொல் இங்கே பெண்ணை விலக்கி நிற்கிறது என்று குறிப்பு எழுதுகிறார். 69-ஆம் குறளில், மகனைச் சான்றோன் என்று பிறர் சொல்லக் கேட்டு மகிழும் தாய் வருகிறாள். ஏன் 'கேட்ட' தாய்? பெண் இயல்பால் தானாக அறியமாட்டாள், அதனால் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறாள் என்பது அவர் விளக்கம்.

"இதெல்லாம் வள்ளுவர் சொன்னதா?"

"இல்லை சாமி, உரை எழுதினவர் சொன்னது."

"அப்போ இது அவரோட கமெண்ட் தானே?"

அன்றைக்கு ராத்திரி தான் அகராதியைத் திறந்தேன்.

புனைந்து சொன்னது

ஆங்கிலத்துக்கு 'கமெண்ட்' வந்தது 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில். விளக்கம், விளக்கக் குறிப்பு என்ற பொருளோடுதான் வந்தது. அதன் மூலம் 'கொமெந்தும்' என்ற லத்தீன் சொல். பிற்கால லத்தீனில் அதற்கும் விளக்கம் என்றுதான் பொருள். ஆனால் அதற்கு முந்தைய, செவ்வியல் லத்தீனில் அதே சொல்லுக்குப் பொருள் வேறு: புனைந்தது, இட்டுக்கட்டியது, கற்பனை. சிசரோ இந்தச் சொல்லை அப்படித்தான் ஆளுகிறார். மனிதர்கள் கட்டிவிட்ட வெறும் அபிப்பிராயங்களைக் காலம் அழித்துவிடும் என்று அவர் எழுதும் இடத்தில் வருவது இந்தச் சொல்லின் பன்மை.

இன்னும் ஒரு படி கீழே போனால் 'கொமினிஸ்கி' என்ற வினைச்சொல். யோசித்து உருவாக்குதல், மனதில் ஒன்றைக் கட்டுதல் என்று பொருள். அதன் உள்ளே இருப்பது 'மென்' என்ற இந்தோ-ஐரோப்பிய வேர். எண்ணுதல் என்று பொருள்படும் அந்த வேரிலிருந்துதான் லத்தீனில் மனதைக் குறிக்கும் 'மென்ஸ்', ஆங்கில 'மைண்ட்', சமஸ்கிருத மனஸ், மதி, மந்திரம் எல்லாம் வந்தன. நாம் தினமும் சொல்லும் 'மனம்' கூட சமஸ்கிருதம் வழியாக இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

ஜூலியஸ் சீசர் தன் காலிய யுத்தத்தைப் பற்றி எழுதிய நூலுக்குப் பெயர் 'கொமெந்தாரி'. அங்கே அது குறிப்பேடு, நினைவுக்காக எழுதி வைத்தது என்ற பொருளில் வருகிறது. அதே குடும்பத்துச் சொல்தான்.

ஆக, ஒரே வேரிலிருந்து மூன்று கிளை. யோசித்தது, எழுதி வைத்தது, இட்டுக்கட்டியது. விளக்கம் என்ற பொருள் இவற்றுக்குப் பின்னால் வந்து மற்றவற்றை ஓரம் தள்ளிவிட்டது. ஆனால் ஓரம் தள்ளப்பட்ட பொருளில் ஓர் எச்சரிக்கை இருப்பதாக எனக்குப் படுகிறது. விளக்கம் சொல்கிற ஆள் மூலத்தில் இருப்பதை எடுத்தும் காட்டலாம், இல்லாததைக் கட்டியும் விடலாம். இரண்டும் பக்கத்தில் ஒரே எழுத்து அளவில்தான் அச்சாகும்.

நானே கட்டிய கதை

நம் பக்கம் இதற்கு ஈடான பழைய சொல் 'உரை'. இந்த இடத்தில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லியாக வேண்டும்.

சேலம் கடைவீதியில் அம்மாவின் பழைய தோட்டை மாற்றப் போயிருந்தோம். மகளும் கூட வந்தாள். ஆசாரி ஒரு கறுப்புக் கல்லை எடுத்தார். தோட்டை அதில் ஒரு இழுப்பு இழுத்தார். பக்கத்திலேயே மாற்றுத் தெரிந்த உரையாணியால் இன்னொரு இழுப்பு. இரண்டு கோட்டின் மேலும் திராவகம் ஒரு சொட்டு. கலப்பு உலோகம் கரைந்துபோக, தங்கம் மட்டும் நிற்கும். எந்தக் கோடு எவ்வளவு மங்குகிறது என்று பார்த்து மாற்று சொல்லிவிட்டார். அதற்குப் பெயர் உரைத்துப் பார்ப்பது. கல்லுக்குப் பெயர் உரைகல்.

எனக்கு ஒரே உற்சாகம். "பார்த்தியா, உரைன்னா இதுதான்! சொல்லை உரசிப் பார்த்து மாற்றுச் சொல்றது. அதிலிருந்துதான் உரையாசிரியர்ங்கற பேரே வந்தது" என்று கடையிலேயே மகளுக்கு ஒரு வகுப்பு எடுத்தேன். ஆசாரி கூட "அப்படிங்களா!" என்றார்.

வீட்டுக்கு வந்து அகராதியைப் பார்த்தால் கதை வேறு. சொல்லுதல் என்ற பொருளில் வரும் உரைத்தலையும், தேய்த்தல் என்ற பொருளில் வரும் உரைத்தலையும் வெவ்வேறு சொற்களாகவே வைத்திருக்கிறார்கள். உருவம் ஒன்றாக இருப்பதால் வேரும் ஒன்று என்று ஆகிவிடாது. உரை என்றால் சொல்லப்பட்டது, பேச்சு, அவ்வளவுதான். உரைகல் சமாச்சாரம் நானாகச் சேர்த்தது. சரியான 'கொமெந்தும்'.

ஏழாம் நூற்றாண்டில் செவில் நகரத்துப் பிஷப்பாக இருந்த இசிதோர் எழுதிய சொற்பிறப்புக் களஞ்சியத்திலும் இப்படி ஒன்று உண்டு. லத்தீனில் 'கும் மெந்தே' என்றால் மனதோடு. அதனால்தான் உரைக்கு 'கொமெந்தாரியா' என்று பெயர் என்று எழுதிவிட்டார். வேர் கிட்டத்தட்ட சரி, வந்த வழி தப்பு. சொல் ஆராய்ச்சியில் ஆசை முந்திக்கொண்டால் இப்படித்தான் ஆகும். அவர் அளவுக்கு நமக்குப் படிப்பு இல்லை, ஆசை மட்டும் இருக்கிறது.

சொல்லின் பிறப்பாக அந்தக் கதை தோற்றுவிட்டது. ஆனால் வேலை செய்யும் முறையாகப் பார்த்தால், உரைகல் எனக்கு இன்னும் உதவுகிறது. ஆசாரி சும்மா "இது நல்ல தங்கம்" என்று சொல்லவில்லை. கோட்டை நம் கண் முன்னாலேயே இழுத்தார். பக்கத்தில் ஒரு அளவுகோலும் வைத்தார். சந்தேகம் இருந்தால் நாமே குனிந்து பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் பாடம், பிறகு கருத்து

நம் இலக்கண நூல்களும் உரையை இப்படித்தான் கட்டுப்படுத்தப் பார்த்தன. நன்னூல் எழுதிய பவணந்தி முனிவரை எங்கள் கொங்குப் பக்கம் பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரத்துக்காரர் என்று சொல்லுவார்கள். அவர் உரைக்கு 14 உறுப்புகள் சொல்கிறார். சுருக்கமான உரைக்குக் காண்டிகை என்றும் விரிவானதற்கு விருத்தி என்றும் பெயர். அந்த 14-இல் முதலில் வருவது பாடம், அதாவது மூலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது. அடுத்துத்தான் கருத்து. பிறகு சொல்லின் பொருள், உதாரணம், வினா, விடை, விசேடம், பயன் என்று போகிறது.

இன்றைக்குக் 'கமெண்ட்' என்பதற்குத் தமிழில் 'கருத்து' என்று போடுகிறோம். நன்னூல் கணக்கில் பார்த்தால் அது 14-இல் ஒன்று. பாடத்தையும் வினாவையும் விடையையும் கழற்றி வைத்துவிட்டுக் கருத்தை மட்டும் வைத்துக்கொண்டோம். மொழிபெயர்ப்பு தப்பு என்று சொல்ல வரவில்லை. நம் பழக்கத்துக்கு அது ரொம்பப் பொருத்தமாகவே இருக்கிறது என்பதுதான் சங்கடம்.

இறையனார் அகப்பொருள் உரையில் வரும் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். புலவர்கள் ஆளுக்கொரு உரை சொல்கிறார்கள். எது மெய்யுரை என்று முடிவு செய்ய உருத்திரசன்மன் என்ற ஊமைச் சிறுவனை உட்கார வைக்கிறார்கள். நக்கீரர் உரை சொன்னபோது அவன் கண்ணீர் விட்டு மெய்சிலிர்த்தான், அதனால் அதுவே மெய்யுரை என்று கதை முடிகிறது. இது வரலாறு கிடையாது. ஆனாலும் உரையைச் சோதிக்க வேண்டும், சோதிப்பவன் உரை சொன்னவனாக இருக்கக் கூடாது என்ற எண்ணம் அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறது.

61-ஐ உரசிப் பார்த்தால்

சரி, இப்போது மகளின் கேள்விக்கு வருவோம். பரிமேலழகர் சொன்னது மூலத்தில் இருக்கிறதா, அவர் கட்டியதா?

அந்த அதிகாரத்தின் பத்துக் குறளையும் எடுத்து எண்ணினேன். 61 முதல் 66 வரை ஆறிலும், பிறகு 68-லும் வருவது 'மக்கள்' என்ற சொல். மொத்தம் ஏழு. 67, 69, 70 ஆகிய மூன்றில் மட்டும் 'மகன்' வருகிறான். 'புதல்வர்' என்ற சொல் பத்துக் குறளில் ஒன்றில்கூட இல்லை.

நியாயமாகப் பேச வேண்டும் என்றால் இந்த மூன்றையும் மறைக்கக் கூடாது. மகனை அவையில் முந்தியிருக்கச் செய்யும் தந்தையும், சான்றோன் என்று கேட்ட தாயும், தந்தைக்குக் கைம்மாறு செய்யும் மகனும் வள்ளுவரே எழுதியவை. அவர் காலத்துப் பார்வை அவரிடமும் இருக்கிறது. மகன், மக்கள் என்று இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றி ஆளுவதால், மக்கள் என்பதும் மகன்களையே குறிக்கும் என்று ஒருவர் வாதாடலாம். பலவீனமான வாதம், ஆனாலும் வாதம்.

பரிமேலழகர் அந்த வாதத்தை வைக்கவில்லை. 'அறிவறிந்த' என்ற அடைமொழியை வைத்துத்தான் பெண்ணை விலக்குகிறார். இது எப்படி வேலை செய்யும்? அறிய வேண்டியதை அறிவது பெண்ணுக்கு இல்லை என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டால் மட்டும்தான். அந்த முடிவு குறளில் இல்லை. 69-இலும் அதே முடிவுதான் வேலை செய்கிறது. ஊரார் புகழ்வதை யாராக இருந்தாலும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். தகப்பனும் கேட்கத்தான் வேண்டும். அங்கே பெண் இயல்பு என்ற காரணத்துக்கு வேலையே இல்லை. அதே வள்ளுவர் 410-ஆம் குறளில் மக்களை விலங்கோடு ஒப்பிடும்போது அந்த 'மக்கள்' மனிதர்கள் எல்லோரும்தான்.

பரிமேலழகருக்கு முந்தியவரான மணக்குடவர், மக்கட்பேறு என்ற பெயரோடுதான் இந்த அதிகாரத்தைப் படிக்கிறார். அதாவது வேறு வாசிப்புக்கு வழி இருந்தது. குறளுக்குப் பத்துப் பேர் பழைய உரை எழுதினார்கள் என்று சொல்லுவார்கள். அதில் ஐந்துதான் கிடைத்திருக்கின்றன. மணக்குடவர் உரையின் அறத்துப்பாலை வ.உ.சிதம்பரனார் 1917-இல் பதிப்பித்தார்.

எங்கள் நாமக்கல் பக்கத்துக்காரர் ஒருவரையும் இங்கே சொல்ல வேண்டும். 1888-இல் மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை. எல்லோருக்கும் அவரை விடுதலைப் போராட்டப் பாடலுக்காகத் தெரியும். அவர் குறளுக்கும் தனியாக உரை எழுதியவர். குறள் பற்றிய அவருடைய ஒரு நூலின் பெயரே 'திருவள்ளுவர் திடுக்கிடுவார்'. உரை மூலத்தை விட்டு விலகினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் பார்த்ததில்லை. இரண்டே சொல்.

அதற்காகப் பரிமேலழகரைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அவர் இல்லாமல் எத்தனையோ குறளின் இலக்கணமே நமக்குப் பிடிபடாது. பாடபேதம் சொல்லுவார், பிறர் சொன்ன பொருளையும் எடுத்து வைத்து மறுப்பார். 61-இல் கூட அவர் செய்த ஒரு நல்ல காரியம் உண்டு. பெண்ணை விலக்கிவிட்டுப் பேசாமல் போகவில்லை. எந்தச் சொல்லை வைத்து விலக்குகிறேன் என்று காட்டிவிட்டுப் போகிறார். கோட்டைக் கல்லின் மேலேயே விட்டு வைத்திருக்கிறார். அதனால்தான் எழுநூறு வருஷம் கழித்து ஒரு ஒன்பதாம் வகுப்புப் பெண் குனிந்து பார்த்து "இது எப்படிப்பா?" என்று கேட்க முடிகிறது.

கணினி எதைப் படிக்கும், ஊர் எதைப் படிக்கும்

என் தொழிலில் கமெண்ட் பொய் சொல்லும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு தடவை பழைய நிரல் ஒன்றில் "30 விநாடி காத்திரு" என்று குறிப்பு இருந்தது. அதற்குக் கீழே இருந்த கட்டளை 45 விநாடி காத்திருந்தது. யாரோ எண்ணை மாற்றிவிட்டுக் குறிப்பை மாற்றாமல் போயிருக்கிறார். நான் குறிப்பை நம்பி இரண்டு ராத்திரி தேடினேன். கணினிக்கு ஒரு குழப்பமும் இல்லை. அது கமெண்டைப் படிக்கவே படிக்காது. மூலத்தை மட்டும்தான் இயக்கும்.

மனிதர்கள் விஷயத்தில் இது தலைகீழ். மூலம் அலமாரியில் இருக்கும். ஊர் இயங்குவது உரையை வைத்து.

1992-இல் எனக்கு 13 வயது. தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தை முதலில் தொடங்கியது எங்கள் சேலம் மாவட்டத்தில்தான். அப்போது நாமக்கல்லும் சேலத்தோடு இருந்தது, 1997-இல்தான் பிரிந்தது. பிறந்த பெண் குழந்தையைக் கொல்ல வேண்டாம், அரசாங்கத்துத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்ல வேண்டிய நிலைமை. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்கூட, சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையுள்ள 1000 ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள். 'மக்கள்தொகை' என்ற சொல்லில் இருக்கும் மக்களில் யார் குறைந்தார்கள் என்பதை அந்த எண் சொல்கிறது.

இதற்கும் பரிமேலழகருக்கும் முடிச்சுப் போட்டால் நான் மறுபடியும் கதை கட்டுகிறேன் என்று அர்த்தம். கொன்றவர்கள் யாரும் உரை படித்துவிட்டுக் கொல்லவில்லை. வரதட்சணை, நிலம் பிரிவது, கொள்ளி வைக்கப் பையன் வேண்டும் என்ற நம்பிக்கை என்று காரணங்கள் வேறு. ஆனால் பிள்ளை என்றால் பையன்தான் என்பது, எந்த மூலத்திலும் தேடிப் பார்க்காமல் ஊரே இயக்கிக்கொண்டிருந்த ஓர் உரை. அதைப் பெரிய படிப்பாளியும் எழுதினார், படிக்காதவர்களும் பேசினார்கள். அவரிடம் காரணமாவது இருந்தது, எடுத்துப் பார்க்கலாம். ஊர் சொன்னதில் அதுவும் இல்லை.

கமெண்டுக்குத் தமிழில் என்ன என்று யாராவது கேட்டால் இனி 'உரை' என்றோ 'குறிப்புரை' என்றோ சொல்லலாம் என்று இருக்கிறேன். கூடவே நான் எழுதும் கமெண்டுகளில் ஒன்றைக் கடைப்பிடிக்கிறேன். "இதை மாற்றாதே" என்று மட்டும் எழுதுவதில்லை. எதனால் மாற்றக் கூடாது என்று ஒரு வரி சேர்க்கிறேன். நாளைக்கு வருகிற பையனோ பெண்ணோ அந்தக் காரணத்தைச் சோதித்துப் பார்த்து, தப்பென்றால் அழித்துவிட்டுப் போகட்டும்.

இதை எழுதி முடித்து மகளிடம் படிக்கக் கொடுத்தேன். 'மக்கள்' வரும் குறள்கள் எட்டு என்று முதலில் எழுதியிருந்தேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "ஏழுதான்பா" என்றாள். மேலே திருத்திவிட்டேன்.